நவீன ஆயுதமா, ஆள் பலமா?

கேள்வி: நவீன ஆயுதம் இருந்தால் பல மடங்கு பெரிய படையையும் சிறு படை வென்றுவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: எதிரி நெருங்கி வருவதற்குள் சுட்டு வீழ்த்த அவகாசம் இருக்கும்வரை உண்மை. நெருங்கிவிட்டால் ஈட்டியும் துப்பாக்கி முனைக் கத்தியும் மோதும் சண்டைதான். அதில் தலைக்கணக்கே வெல்லும்.

1879 ஜனவரி 22 அன்று தென்னாப்பிரிக்காவின் இசாண்டில்வானாவில் நடந்தது இதுதான். சண்டையின்போது பிரிட்டிஷ் முகாமில் இருந்தவர்கள் சுமார் 1,800 பேர், எதிரே வந்த அந்நாட்டு ஜூலு மக்களின் படையில் சுமார் 20,000 பேர். பிரிட்டிஷ் தளபதி செம்ஸ்ஃபோர்ட் அன்று விடியும் முன்பே மொத்தப் படையில் ஏறக்குறைய பாதியைக் கூட்டிக்கொண்டு எதிரியைத் தேடி வேறு பக்கம் போய்விட்டார். முகாமைச் சுற்றி அகழி இல்லை, வண்டிகளை வளைத்து அரணாக நிறுத்தவும் இல்லை. மீதி இருந்தவர்கள் முகாமை விட்டு வெகுதூரம் முன்னே போய், இடைவெளி விட்டு விட்டு நீண்ட வரிசையாக நின்றார்கள். ஜூலு படை நடுவில் முட்டிக்கொண்டே இரு பக்கமும் கொம்புபோல் வளைத்தது. வலக்கோடியில் பிரிட்டிஷ் அதிகாரி டர்ன்ஃபோர்டின் ஆட்கள் தோட்டா குறைந்து பின்வாங்கவும், வரிசையின் விலாப்புறம் திறந்துகொண்டது. அதன் பிறகு அந்த வரிசையைக் காப்பாற்ற எந்தத் துப்பாக்கியாலும் முடியாது. பிரிட்டிஷ் தரப்பில் 1,300 பேருக்கு மேல் மாண்டனர்.

கேள்வி: தோட்டாப் பெட்டிகளின் திருகாணியைக் கழற்ற முடியாமல்தான் அங்கே தோற்றார்கள் என்று படித்தேன். சரியா?

பதில்: அந்தக் கதையை நம்பாதீர்கள். ஒரு பெட்டியில் 600 தோட்டா. சுற்றிலும் செப்புப் பட்டை. மூடியின் நடுவே நகர்த்தித் திறக்கும் ஒரு பலகை, அதைப் பிடித்திருப்பது ஒரே ஒரு திருகாணி. துப்பாக்கிக் கட்டையால் ஓங்கி ஒரு போடு போட்டால் பலகை பிய்ந்துவிடும்.

சிக்கல் தூரத்தில் இருந்தது. ஆளுக்கு 70 தோட்டா. பிரிட்டிஷார் கையிலிருந்த மார்ட்டினி-ஹென்றி ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடும் துப்பாக்கிதான். ஆனாலும் பழகிய கை நிமிடத்துக்கு 12 முறை சுடும். அந்த வேகத்தில் 6 நிமிடத்துக்குள் பை காலி. ஆகவே நிதானமாகத்தான் சுட வேண்டும். வரிசை முகாமிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறதோ, அவ்வளவு தாமதமாக அடுத்த பெட்டி வந்து சேரும்.

துப்பாக்கியிலும் ஒரு குறை உண்டு. தோட்டாவின் கூடு மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்தது. விடாமல் சுட்டால் குழல் கொதிக்கும், கரிமருந்தின் கசடு படியும், கூடு உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். நெம்பை இழுத்தால் அடித்தட்டு மட்டும் கழன்று வரும். எதிரி எதிரே நிற்கும்போது குத்திக் கிளறி அதை எடுக்க நேரமேது?

அன்று மாலையே, அருகிலிருந்த ரோர்க்ஸ் டிரிஃப்டில் பிரிட்டிஷ் தரப்பின் சுமார் 150 பேர் 3,000க்கும் அதிகமான ஜூலு வீரர்களைத் தடுத்து நிறுத்தினார்கள். அதே துப்பாக்கி, அதே தோட்டா. மக்காச்சோள மூட்டைகளையும் பிஸ்கட் பெட்டிகளையும் அடுக்கிய அரணுக்குள் நெருக்கமாக நின்றார்கள்; தோட்டாவும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஏறக்குறைய 20,000 தோட்டாக்களில் விடியும்போது மிஞ்சியவை சுமார் 900தான்.

கேள்வி: சூடானின் ஓம்டுர்மானில் வென்றது மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிதானே?

பதில்: 1898 செப்டம்பர் 2 அன்று சுமார் 25,000 பேர் கொண்ட பிரிட்டிஷ் தளபதி கிச்சனரின் படை, அதைப்போல் இரு மடங்கு இருந்த, சூடானை ஆண்ட கலீஃபாவின் படையை முறியடித்தது. கிச்சனர் தரப்பில் 48 பேர் இறந்தார்கள், கலீஃபா தரப்பில் 10,000 பேருக்கு மேல். மாக்சிமின் பங்கு பெரிதுதான். ஆனால் பாலைவனத்தின் குறுக்கே வாடி ஹால்ஃபாவிலிருந்து போட்ட ரயில்பாதையும், நைல் நதியில் நின்ற பீரங்கிப் படகுகளும் இல்லாமல் அந்தத் துப்பாக்கிகளுக்கு அங்கே வேலையே இருந்திருக்காது. இரவுத் தாக்குதலுக்குத்தான் பிரிட்டிஷார் அஞ்சினார்கள். கலீஃபாவோ பகல் வெளிச்சத்தில், ஒதுங்க இடமில்லாத வெட்டவெளியில் ஆட்களை அனுப்பினார். வந்தவர்களின் துணிச்சலுக்கு ஈடில்லை; அவர்களைச் சாகக் கொடுத்தது அந்த முடிவு.

கேள்வி: ஐரோப்பியப் படையை முழுமையாக முறியடித்த ஆப்பிரிக்க நாடு உண்டா?

பதில்: எத்தியோப்பியா. 1896 மார்ச் 1 அன்று அட்வாவில் 18,000க்குச் சற்றுக் குறைவான இத்தாலியப் படை, 56 பீரங்கிகளோடு வந்தும் தோற்றது. இரவில் தனித்தனியாக நகர்ந்த அணிகள் பிழையான வரைபடத்தால் விலகிப்போயின. முன்னே போய்விட்ட இத்தாலியத் தளபதி ஆல்பர்டோனியின் அணி தனியாக மாட்டிக்கொண்டது. எத்தியோப்பிய மன்னர் மெனெலிக்கிடம் ஏறக்குறைய லட்சம் பேர் இருந்தார்கள். ஆள்பலத்தை மட்டும் நம்பாமல், பல ஆண்டுகளாக நவீனத் துப்பாக்கிகளையும் வாங்கிச் சேர்த்திருந்தார் அவர்.