"பிள்ளைகள் எலும்பில் என்ன இருக்கிறது?"

கேள்வி: மருத்துவப் படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கிறேன். பள்ளியில் வாலிபால் ஆடியவள். விளையாட்டில் அடிபடும் சிறுவர்களுக்கான எலும்பு சர்ஜன் ஆக ஆசை. "மூட்டு மாற்று ஆபரேஷன் கற்றுக்கொள். பிள்ளைகள் எலும்பு தானே கூடிவிடும், அதில் என்ன இருக்கிறது?" என்கிறார் மாமா. எலும்பு வேலைக்கு உடம்பில் பலம் வேண்டுமே என்கிறார் அம்மா. என்ன செய்யட்டும்?

பதில்: மாமா சொன்னதில் பாதி சரி. பிள்ளைகளின் எலும்பு சீக்கிரம் கூடும்; லேசான கோணல் வளர வளர நேராகிவிடுவதும் உண்டு. மீதிப் பாதியில்தான் உங்கள் வேலை இருக்கிறது. எலும்பின் நுனிக்குப் பக்கத்தில், எக்ஸ்ரேயில் மெல்லிய கறுப்புக் கோடாகத் தெரியும் வளர்ச்சித் தட்டு; எலும்பு நீளமாக வளர்வது அங்கேதான். பல இடங்களில் அது பக்கத்தில் எலும்புகளை இணைக்கும் நாரான லிகமெண்டைவிடப் பலவீனமானது. பெரியவருக்கு வெறும் சுளுக்காக முடிவது, பிள்ளைக்கு அந்தக் கோட்டில் முறிவாக வரலாம்.

முழங்காலுக்குள் ஏ.சி.எல். என்ற லிகமெண்ட் அறுந்து 12 வயதுப் பையன் வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடை எலும்பின் கீழ்த்தட்டு காலை வருடத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்க்கிறது. புது லிகமெண்டைப் பொருத்தும்போது கவனமில்லாமல் அதன் குறுக்கே ஸ்குரூவை நிறுத்தினால் கால் வளையலாம், குட்டையாகலாம். அதனால் முதலில் இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்போம். முழங்காலுக்கு வந்தவனைக் கையை நீட்டச் சொன்னால் வீட்டார் முழிப்பார்கள். தட்டைத் தொடாமல் சுற்றிப் போவதா, சின்னத் துளையாகக் குறுக்கே போவதா என்பது அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான்.

அம்மாவின் கவலையை விடுங்கள். மூட்டுக்குள் போவது பென்சிலைவிட மெல்லிய குழாய். துளையிட மெஷின் இருக்கிறது. வேண்டியது நிதானமான கை.

ஆனால் ஆபரேஷன் உங்கள் வாரத்தில் சின்னப் பங்குதான். மீதி எப்படி என்றால், முழங்காலுக்குக் கீழே எலும்புப் புடைப்போடு ஒரு பையன் வருவான். கட்டைவிரலால் அதை அழுத்தினால் நெளிவான். ஆஸ்குட், ஷ்லாட்டர் என்ற இரு டாக்டர்கள் 1903இல் தனித்தனியே எழுதிவைத்த அதே தொல்லை. நோயின் பெயரைக் கேட்பதற்கு முன்பே அப்பா, "ஞாயிற்றுக்கிழமை ஆடலாமா?" என்பார். ஓட்டத்தைக் குறை, தொடைத் தசைக்குப் பயிற்சி செய், வளர்ச்சி முடியும்போது பெரும்பாலும் அடங்கிவிடும் என்று சொல்லிப் புரியவைக்கப் பொறுமை வேண்டும். ஏ.சி.எல். பையன் ஆபரேஷன் முடிந்த ஆறாவது மாதமே வலியில்லாமல் ஓடுவான். கோச்சும் கூப்பிடுவார். குறைந்தது ஒன்பது மாதம் என்று நீங்கள்தான் பிடிவாதமாக நிற்க வேண்டும். எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலில் கஷ்டமான நாள் அதுதான்.

படிப்பும் நீளம். எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு ஆர்த்தோ மூன்று முதல் ஐந்து வருடம், நாட்டைப் பொறுத்து. அப்புறம் குழந்தை ஆர்த்தோவுக்கும் விளையாட்டு மருத்துவத்துக்கும் பெரும்பாலும் ஒவ்வொரு வருட ஃபெலோஷிப் என்ற சிறப்புப் பயிற்சி. காசில் மூட்டு மாற்று சர்ஜன் முந்திக்கொள்ள வாய்ப்பு அதிகம், அதில் மாமாவோடு வாதாட வேண்டாம். வேண்டுமானால், 'ஆர்த்தோபீடிக்ஸ்' என்ற பெயரை 1741இல் உருவாக்கிய பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆந்த்ரி 'நேர்', 'குழந்தை' என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்துத்தான் வைத்தார் என்று சொல்லிப் பாருங்கள்.

சேருவதற்கு முன் ஒரு வாரம் இப்படியொரு சர்ஜனின் வெளிநோயாளி அறையில் உட்காருங்கள். ஆபரேஷன் தியேட்டர் வேண்டாம், அது யாரையும் மயக்கும். குதிகால் வலி என்று ஆறாவதாக வரும் சிறுமியிடமும் "என்ன ஆடுகிறாய்?" என்று கேட்க உங்களுக்கு ஆசை வருகிறதா, பாருங்கள்.