ரயில் திட்டங்களில் துணை ஒப்பந்ததாரர்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, முழுத் திட்டத்தையும் எடுத்த பெரிய நிறுவனம், சிக்னல், மேல்நிலை மின்கம்பி, தண்டவாளம் என்று ஒவ்வொன்றையும் பிரித்து வெளியே கொடுப்பது ஏன்? சொந்த ஆட்களை வைத்தே செய்யலாமே?

பதில்: சில வேலைகளுக்கு ஆளும் கருவியும் இருந்தால் போதாது, சான்றும் வேண்டும். இரண்டு ரயில்கள் ஒரே தடத்தில் மோதிக்கொள்ளாதபடி காக்கும் இன்டர்லாக்கிங் கருவிகள் பாதுகாப்புத் தரத்தின் மிக உயர்ந்த நான்காம் நிலையில் இருப்பதை ஆவணங்களுடன் நிறுவ வேண்டும். அது பல ஆண்டு உழைப்பு. மேலும், மின்கம்பி இழுக்கும் தனி வண்டியை வாங்கி, ஒரு திட்டம் முடிந்ததும் சும்மா நிறுத்தி வைப்பது யாருக்கும் கட்டுப்படியாகாது. மண் வேலையைப் பிரித்துக் கொடுப்பதற்கு இந்த நியாயங்கள் பொருந்தா. அங்கே பெரும்பாலும் ஆள்பலமே காரணம்.

கேள்வி: நான் மெட்ரோ மேம்பாலக் கட்டுமானத்தில் தளப் பொறியாளர். தண்டவாளம் போடவே இன்னும் நெடுநாள் இருக்கிறது. மின் அமைப்பு நிறுவனத்தை இப்போதே அமர்த்த வேண்டுமா?

பதில்: இப்போதே என்பதுகூடத் தாமதமாக இருக்கலாம். நேர்மின்னோட்டத்தில் ஓடும் மெட்ரோவில் மின்னோட்டம் தண்டவாளம் வழியாகவே துணை மின்நிலையத்துக்குத் திரும்புகிறது. அதில் ஒரு பகுதி கசிந்து கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிகளில் புகுந்து, வெளியேறும் இடத்தில் அவற்றை அரித்துவிடும். இதைக் கட்டுப்படுத்தும் வழிகளில் ஒன்று, குறிப்பிட்ட கம்பிகளை வெல்டிங் செய்து மின்தொடர்ச்சியை உண்டாக்கி, இணைப்பு முனைகளை வெளியே விட்டுவைப்பது. தேவை மின் நிறுவனத்துடையது. செய்ய வேண்டியவரோ கம்பி கட்டும் துணை ஒப்பந்ததாரர், அதுவும் கான்கிரீட் போடுவதற்கு முன்பே. எந்தக் கம்பியை, எத்தனை இடத்தில் இணைப்பது என்று சொல்ல ஆள் இல்லாமல் கான்கிரீட் போட்டுவிட்டால், பிறகு உடைத்துத்தான் பார்க்க வேண்டும். மின்கம்பங்களுக்கான போல்ட்டுகளும் கேபிள் குழாய்களும் இதே வகைதான். ஆகவே முழு ஒப்பந்தம் பிறகு ஆகட்டும். வடிவமைப்புக்கு மட்டுமாவது சிறு ஒப்பந்தம் ஒன்றை முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒவ்வொருவரும் தம் வேலையைச் சரியாகச் செய்தால் திட்டம் தானாக முடிந்துவிடாதா?

பதில்: முடியாது. 2018 டிசம்பரில் திறப்பதாக இருந்த லண்டனின் எலிசபெத் ரயில் பாதை, 2022 மே மாதத்தில்தான் திறக்கப்பட்டது. சுரங்கம் தோண்டும் பணி 2015-இலேயே முடிந்திருந்தது. ஒரே ரயில் வெவ்வேறு பகுதிகளில் மூன்று விதமான சிக்னல் முறைகளுக்கு இணங்கி ஓட வேண்டியிருந்ததால், ரயிலின் மென்பொருளையும் சிக்னலின் மென்பொருளையும் பொருத்திச் சோதிப்பது தாமதத்தின் முக்கியக் காரணங்களுள் ஒன்றாயிற்று. இரண்டு ஒப்பந்தங்களுக்கு இடையே உள்ள வேலை எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படாமல் விடுபடுவதே இத்துறையின் நிரந்தரத் தலைவலி. 'இந்த முனை வரை இவர், அதற்கப்பால் அவர், சோதனைக்குப் பொறுப்பு இன்னார்' என்று ஒவ்வோர் இணைப்புக்கும் எழுத்தில் இருக்க வேண்டும். 'ஒருங்கிணைத்துச் செயல்படுவர்' என்ற வரியை ஒப்பந்தத்தில் கண்டால், அந்த வேலைக்கு ஆள் இல்லை என்றே நான் பொருள் கொள்வேன்.

கேள்வி: துணை ஒப்பந்ததாரரின் பிழைக்கு யார் பொறுப்பு?

பதில்: திட்ட உரிமையாளரிடம் முதன்மை ஒப்பந்ததாரரே பொறுப்பு, அவர் தம் துணை ஒப்பந்ததாரரிடம் ஈடு கோரலாம், அவ்வளவே.

கேள்வி: எங்களுடையது பைல் (நிலத்தினுள் ஆழமாக இறக்கும் அடித்தளத் தூண்) அடிக்கும் சிறிய நிறுவனம். வேலையில் குறை இருந்தால் சரிசெய்ய எங்கள் கூலியிலிருந்து பிடித்து வைத்த தொகை, திட்டம் முழுவதும் முடிந்த பிறகே கிடைக்கும் என்கிறார்கள். இது முறையா?

பதில்: வழக்கத்தில் இருக்கிறது, முறையென்று சொல்ல மாட்டேன். முதலில் வந்து முதலில் வெளியேறும் உங்களுக்கு அந்த நிபந்தனை பல ஆண்டுக் காத்திருப்பு. உங்கள் பகுதி சோதித்து ஏற்கப்பட்ட நாளிலிருந்து கணக்கிடச் சொல்லுங்கள், அல்லது பிடித்தத்துக்குப் பதிலாக வங்கி உத்தரவாதம் தர முன்வாருங்கள். 'எங்களுக்குப் பணம் வந்தால்தான் உங்களுக்கு' என்ற பிரிவும் இருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டனில் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய பிரிவைப் பொதுவாகச் செல்லாததாக்கியது, ஆனால் எல்லா நாடுகளிலும் அந்தப் பாதுகாப்பு இல்லை. கையெழுத்திடும் முன் பேச வேண்டியவை இவை. பைல் அடித்து முடித்த பிறகு பேசினால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.