கார்டுல காசு எடுத்து வீட்டு லோன் அடைக்கலாமா?

கேள்வி: அக்கா, நாங்க டோம்பிவிலி கிழக்குல இருக்கோம். 2018ல ஃப்ளாட் வாங்கினோம், இன்னும் 32 லட்சம் பாக்கி, 14 வருஷம் போகணும், வட்டி 9 சதவீதம், இஎம்ஐ 33,500 சொச்சம். வீட்டுக்காரர் ஆபீஸ்ல லண்டன்ல இருந்து திரும்பி வந்த ஒருத்தர், அங்க வட்டியே இல்லாத கிரெடிட் கார்டுல பணம் எடுத்து வீட்டு லோன்ல போட்டு சீக்கிரம் அடைக்கிறாங்கன்னு சொல்லியிருக்கார். இவர்கிட்ட மூணு கார்டு இருக்கு, லிமிட் மொத்தம் ஆறு லட்சம். அதுல மூணு லட்சம் எடுத்து லோன்ல கட்டிடலாம், டியூ தேதி வந்தா இன்னொரு கார்டுல எடுத்து அதை கட்டிடலாம், இப்படியே சுத்தி விடலாம்ங்கறார். ஸ்டேஷன் பக்கத்துல ஒரு மொபைல் கடைல 2 சதவீதம் கமிஷன் எடுத்துகிட்டு கார்டை தேய்ச்சு கேஷ் தர்றாங்களாம். எனக்கு வயித்துல புளியை கரைக்குது, ஆனா கணக்கு சொல்லி வேணாம்னு சொல்ல தெரியல.

பதில்: நீங்க பயப்படறது சரிதான்மா. அந்த லண்டன்காரர் பொய் சொல்லல, அங்க அது நடக்கற விஷயம்தான், ஸ்டூஸிங்னு அதுக்கு பேரே இருக்கு. அங்க புது கார்டு வாங்கினா ஒரு வருஷம், சில கார்டுல அதுக்கும் மேல, வட்டியே கிடையாது, ஒரு தடவை ஃபீஸ் கட்டிட்டு அந்த பணத்தை பேங்க் அக்கவுண்ட்டுக்கே மாத்திக்க விடற கார்டுகளும் இருக்கு. கூடவே ஆஃப்செட்னு ஒரு வகை வீட்டு லோன், சேவிங்ஸ்ல கிடக்கற பணத்தை பாக்கில கழிச்சுட்டு மீதிக்குத்தான் வட்டி. இந்த ரெண்டும் கையில இருக்கறவங்க, கெடு முடியறதுக்குள்ள பணத்தை திருப்பி வச்சா லாபம் பார்க்க முடியும்.

நம்ம ஊர் கார்டுல இருக்கற வட்டியில்லா காலம் வேற சமாச்சாரம். பொருள் வாங்கின நாள்ல இருந்து டியூ தேதி வரைக்கும், அதிகபட்சம் 45, 50 நாள், அதுவும் பில்லை முழுசா கட்டினாத்தான். கேஷ் எடுத்தா பெரும்பாலான கார்டுல ஒரு நாள் கூட கிடையாது. ஏடிஎம்ல மூணு லட்சம் எடுத்தா 2.5 சதவீத ஃபீஸே 7,500 ரூபா, மாசம் 3.5 சதவீத வட்டின்னா 10,500, ரெண்டுக்கும் மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக முதல் மாசமே 21,000 ரூபா காலி. அதே மூணு லட்சத்தை லோன்ல போட்டதால அந்த மாசம் மிச்சமாகற வட்டி எவ்வளவு தெரியுமா, 2,250 ரூபா!

சரி, இவர் ஏடிஎம் பக்கம் போகல, மொபைல் கடைக்குத்தானே போறார்னு வச்சுக்குவோம். நூறு ரூபாய்க்கு அந்த கடைக்காரர் எடுக்கறது 2 ரூபா. அந்த நூறு ரூபா 45 நாள் உங்க லோன்ல இருந்தா 9 சதவீதத்துல மிச்சமாகறது 1 ரூபா 11 காசு. வீட்டுக்காரரை உக்கார வச்சு இந்த ஒரு வரியை மட்டும் காட்டுங்க, போதும். மூணு லட்சத்துக்கு ஒரு சுத்துக்கு 6,000 ரூபா கமிஷன், வருஷத்துக்கு எட்டு சுத்துன்னா 48,000, லோன்ல மிச்சம் 27,000. ஒரு தடவை கூட டியூ தப்பாம, எல்லாம் நல்லபடியா நடந்தாலே கையை விட்டு 21,000 போகுது. அதுக்கும் மேல, பொருளே வாங்காம பில் போட்டு கேஷ் வாங்கறது கார்டு ரூலுக்கு விரோதம், பேங்க் கண்டுபிடிச்சா கார்டை பிளாக் பண்ணிடும். சுத்துல பாதி வழில ஒரு கார்டு பிளாக் ஆச்சுன்னா மீதி பணத்துக்கு எங்க போவார்னு அவரையே கேளுங்க.

நான் பேங்க் கவுண்டர்ல உக்காந்திருந்த காலத்துல இப்படி சுத்தி விட்டவங்க நிறைய பேரை பார்த்திருக்கேன்மா, எல்லாருக்கும் ஆறாவது ஏழாவது மாசம் ஏதோ ஒரு செலவு வந்துடும், ஆஸ்பத்திரியோ ஸ்கூல் ஃபீஸோ, அன்னைக்கு மினிமம் டியூ, அதாவது பில்லுல குறைஞ்சபட்சம் கட்ட சொல்ற சின்ன தொகை மட்டும் கட்டுவாங்க, அங்கதான் மாட்டறது. பாக்கி வச்சுட்டா அதுக்கப்புறம் வாங்கற பால் பாக்கெட்டுக்கும் வாங்கின அன்னைல இருந்தே வட்டி ஓடும். கார்டு வட்டி 30 சதவீதத்தை தாண்டக்கூடாதுன்னு 2008ல தேசிய நுகர்வோர் ஆணையம் போட்டிருந்த உத்தரவையும் 2024 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிடுச்சு. வருஷத்துக்கு 42 சதவீத கடனை வாங்கி 9 சதவீத கடனை அடைக்கறதுல என்ன நியாயம் இருக்கு சொல்லுங்க. பாதி லிமிட் எப்பவும் எடுத்தே கிடந்தா சிபில் ஸ்கோரும் இறங்கும்.

உங்க லெட்டர்ல என் கண்ணுல பட்டது வேற ஒண்ணு. 2018 லோன், வட்டி இன்னும் 9 சதவீதமா? அப்ப பேங்க் லோன்னா பெரும்பாலும் எம்சிஎல்ஆர் கணக்குல இருக்கும், அதாவது பேங்க் தன்னோட செலவை வச்சு தானே போடற ரேட். 2019 அக்டோபர் 1ல இருந்து பேங்க்குங்க குடுக்கற புது ஃப்ளோட்டிங் (ஏறி இறங்கற வட்டி) வீட்டு லோனுக்கு ரெப்போ (பேங்க்குங்களுக்கு ஆர்பிஐ கடன் குடுக்கற வட்டி) மாதிரி வெளி ரேட்டோடதான் வட்டியை கட்டணும்னு ஆர்பிஐ சொல்லிடுச்சு, பழைய லோன்காரங்க தானா போய் கேட்டாத்தான் மாத்துவாங்க. 2025ல மட்டும் ரெப்போ 6.5ல இருந்து 5.25க்கு இறங்கியிருக்கு. அதனால நாளைக்கே பிராஞ்ச்சுக்கு போய், ரெப்போ லோனுக்கு மாத்தினா என்ன வட்டி, சார்ஜ் எவ்வளவுன்னு எழுதி குடுத்து கேளுங்க, முணுமுணுப்பாங்க, விடாதீங்க. 8 சதவீதம் கிடைச்சு, இஎம்ஐயை குறைக்காம அதே 33,500ஐ கட்டிட்டு வந்தீங்கன்னா லோன் 16 மாசம் முன்னாடியே முடியும், அஞ்சு லட்சத்துக்கு மேல மிச்சம். (ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனி லோன்னா இந்த ரெப்போ ரூல் இல்ல, அப்பவும் ஒரு ஃபீஸ் கட்டி ரேட் குறைக்க சொல்லி கேக்கலாம், ஒத்துக்கலன்னா பேங்க்குக்கு மாத்தலாம்.)

தீபாவளி போனஸ் வந்தா அதுல ஒரு லட்சத்தை லோன்ல போடுங்க. 9 சதவீதத்துலயே இருந்தாலும் இன்னைக்கு போடற ஒரு லட்சம் கடைசில பத்து இஎம்ஐயை குறைக்கும். ஃப்ளோட்டிங் வட்டி வீட்டு லோனை முன்கூட்டி கட்டினா பேங்க் அபராதம் போடக்கூடாதுன்னு 2012லயே ஆர்பிஐ உத்தரவு இருக்கு, யாராவது சார்ஜ் கேட்டா அதை சொல்லுங்க. கட்டும்போது மறக்காம, இஎம்ஐ அப்படியே இருக்கட்டும், வருஷத்தை குறைங்கன்னு எழுதி குடுங்க.

கேள்வி: எங்க வீட்டு லோன் ஓவர்டிராஃப்ட் டைப், லோன் அக்கவுண்ட்ல கிடக்கற பணத்தை கழிச்சுட்டு மீதிக்குத்தான் வட்டி. மாச செலவு 40,000த்தையும் கார்டுல போட்டுட்டு சம்பளத்தை லோன் அக்கவுண்ட்லயே விட்டு வச்சா லாபம் உண்டா? முலுண்ட் வாசகர்.

பதில்: உண்டு சார், இது நேர்மையான வழி, ஆனா பெருசா எதிர்பாக்காதீங்க. 40,000 ரூபா ஒரு மாசம் கூடுதலா அங்க கிடந்தா 9 சதவீதத்துல 300 ரூபா மிச்சம், வருஷத்துக்கு 3,600. ஆட்டோ டெபிட் போடும்போது டோட்டல் டியூன்னு தேர்ந்தெடுத்திருக்கீங்களான்னு ஒரு தடவை திறந்து பாருங்க. அங்க மினிமம் டியூன்னு இருந்தா 40,000ல 2,000 மட்டும்தான் போகும், மீதி 38,000க்கு மாசம் 3.5 சதவீதம், அதாவது ஒரே மாசத்துல 1,330 ரூபா வட்டி, ஜிஎஸ்டி தனி. நாலு மாசம் சேர்த்ததெல்லாம் அதுல போயிடும். கார்டு கையில இருக்கறதால செலவு 40,000ல இருந்து 43,000 ஆச்சுன்னாலும் இந்த 300க்கு அர்த்தமில்ல, அதனால மூணு மாசம் வீட்ல அம்மா கிட்ட நோட்டு போட்டு எழுத சொல்லுங்க, செலவு ஏறலன்னா தொடருங்க.