பென் யூரிக் எரித்த காகிதம்

அன்புள்ள ஐயா,

டேர்டெவில் என்ற முகமூடி நாயகனின் காமிக்ஸ் வரிசையை அண்மையில் வாசித்தேன். அதில் வரும் நிருபர் பென் யூரிக்கை நேர்மையான பத்திரிகையாளருக்கு உதாரணமாகப் பலரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கையில் கிடைத்த மிகப் பெரிய செய்தியை ஒருமுறை எரித்துவிடுகிறார். இன்னொருமுறை அடிவாங்கியதும் வாயை மூடிக்கொள்கிறார். இரண்டு முறையும் உண்மையை மறைத்தவர் எப்படி நல்ல பத்திரிகையாளர் ஆவார்? தமிழின் தீவிர எழுத்தாளர்கள் ஏன் காமிக்ஸ் பற்றிப் பேசுவதே இல்லை? என் பத்து வயது மகள் இந்தப் புத்தகங்களைக் கேட்கிறாள், கொடுக்கலாமா?

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

போன வாரம் பரணை ஒழித்தபோது, செய்தி நறுக்குகள் ஒட்டிய பழைய நோட்டு ஒன்று கிடைத்தது. அதைத் திரும்ப மேலே வைக்கவும் மனமில்லாமல், திறக்கவும் மனமில்லாமல் மேசையில் போட்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

எழுத்தாளர்கள் ஏன் பேசுவதில்லை என்பதை அவர்களிடமே கேளுங்கள். 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக இரும்புக்கை மாயாவி வந்த காலத்திலிருந்து பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்து வாசித்தவர்கள்தான் அவர்களில் பாதிப் பேர். வெளியே சொல்ல வெட்கம், வேறொன்றுமில்லை.

யூரிக்குக்கு வருகிறேன். சூப்பர் ஹீரோ உலகத்தில் பத்திரிகைக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் சூப்பர்மேனான கிளார்க் கென்ட் தன்னைப் பற்றித் தானே செய்தி எழுதிச் சம்பளம் வாங்குகிறான். ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கர் தன்னைத் தானே படமெடுத்து விற்கிறான். எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒருவன் இருந்திருந்தால் செய்தி ஆசிரியர் காதைத் திருகி வெளியே அனுப்பியிருப்பார். யூரிக் ஒருவர்தான் எனக்குத் தெரிந்த நிருபர்களைப் போல இருக்கிறார். தடித்த கண்ணாடி, கசங்கிய கோட்டு, விடாத சிகரெட், வீட்டில் கவலையோடு காத்திருக்கும் மனைவி. பறக்கத் தெரியாது, அடிக்கத் தெரியாது. நியூயார்க்கின் டெய்லி பியூகிள் பத்திரிகையில் வேலை. ரோஜர் மெக்கென்சியும் ஜீன் கோலனும் 1978இல் டேர்டெவில் 153ஆம் இதழில் அவரை அறிமுகப்படுத்தினார்கள்.

அந்த ஆண்டைக் கவனியுங்கள். வாட்டர்கேட் விவகாரத்தில் நிக்சன் பதவி விலகி நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு நிருபர்கள் தோண்டத் தொடங்கிய செய்தி, ஒரு ஜனாதிபதி நாற்காலியை விட்டு இறங்குவதில் போய் முடிந்த காலம். எதையும் அம்பலப்படுத்துவதே பத்திரிகையின் அறம் என்று அமெரிக்கா நம்பிக்கொண்டிருந்தபோது, 1980இல் 164ஆம் இதழில், பார்வையற்ற வழக்கறிஞர் மேட் மர்டாக்தான் டேர்டெவில் என்று யூரிக் தானாகவே கண்டுபிடிக்கிறார். மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் அவனிடம் போய்க் கேட்கிறார். அவன் தன் கதையை முழுக்கச் சொல்கிறான். கேட்டு முடித்த யூரிக் தான் எழுதிவைத்திருந்ததைக் கொளுத்திவிடுகிறார்.

இதை நீங்கள் "உண்மையை மறைத்தார்" என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். கோபம் வந்தது. அந்தச் செய்தி வெளிவந்தால் யாருக்கு என்ன லாபம் என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? மர்டாக் ஊர்ப் பணத்தைத் திருடவில்லை, யாருக்கும் அதிகாரி இல்லை. பெயர் அச்சான மறுநாள் காலை அவன் வாசலில் கொலைகாரர்கள் நிற்பார்கள், அவ்வளவுதான். தெரிந்ததையெல்லாம் அச்சேற்றுவதற்குப் பத்திரிகையாளன் தேவையில்லை, தெருமுனைத் தேநீர்க்கடை போதும். 2003இல் வந்த திரைப்படத்தில் காகிதத்துக்குப் பதில் கணினி. எழுதி முடித்துவிட்டு அழித்துவிடுகிறார். எனக்குக் காகிதம்தான் பிடித்திருக்கிறது. கொளுத்தினால் விரலில் கொஞ்சம் சூடாவது படும்.

இப்போது 1986. ஃபிராங்க் மில்லர் எழுத, டேவிட் மாஸுக்கெல்லி வரைந்த 227 முதல் 233 வரையிலான ஏழு இதழ்கள். மர்டாக்கின் ரகசியம் நிழலுலகத் தலைவன் கிங்பின்னுக்குக் கிடைத்துவிடுகிறது. அவன் ஆளையே கொல்லாமல், தொழில், வீடு, பெயர் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறான். மர்டாக்குக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொன்ன போலீஸ் அதிகாரி நிக் மனோலிஸை யூரிக் தேடிப் போகிறார். நர்ஸ் உடையில் ஒரு பெண் வந்து யூரிக்கின் விரல்களை ஒடிக்கிறாள். பிறகு மருத்துவமனையிலிருந்து மனோலிஸ் தொலைபேசியில் பேச முயலும்போது அவளே அவரைக் கொல்கிறாள். மறுமுனையில் அதைக் காதால் கேட்டுக்கொண்டிருப்பவர் யூரிக். அவர் செய்தியைக் கைவிட்டுவிடுகிறார். நிமிர்ந்து மறுபடி எழுதப் போவதெல்லாம் பிறகு.

ஆர்., உங்களுக்கு விளங்காதது இந்த இடம்தான். எரித்ததும் மௌனம், விரல் ஒடிந்தபின் இருந்ததும் மௌனம். மறுநாள் பேப்பரைப் பிரிக்கும் வாசகனுக்கு இரண்டும் ஒன்றுதான், செய்தி இல்லை. முதலாவது இரக்கம், இரண்டாவது பயம் என்பது யூரிக்குக்கு மட்டும் தெரியும். அவருக்கு அது தெரிந்ததற்கு ஒரே காரணம், கையில் இருந்த கட்டு. விரலை ஒடித்தவர்கள் அந்த விஷயத்தில் அவருக்கு ஓர் உதவி செய்திருக்கிறார்கள். எல்லோருக்கும் அப்படி ஒடித்துக் காட்டமாட்டார்கள்.

1994இல் கொங்குப் பகுதியில் ஒரு சிறிய ஊரில் நான் ஒரு நாளிதழின் நிருபராக இருந்தேன். அங்கே ஒரு சாயப்பட்டறையில் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய பையன் விஷவாயு தாக்கி இறந்துபோனான். வயது 18 என்று பட்டறைக்காரர்கள் சொன்னார்கள். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அவன் படித்த பள்ளிக்குப் போய்ச் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்தேன். 13. பதினான்கு வயதுக்குக் கீழ் உள்ளவர்களைச் சாயத்தொழிலில் வைக்கக் கூடாது என்று 1986ஆம் ஆண்டுச் சட்டமே இருந்தது. 13 என்று எழுதினால் அது குற்றம், 18 என்று எழுதினால் விபத்து.

பையனின் தகப்பனார் என்னைத் தேடி வந்தார். வயதைக் கூட்டிச் சொல்லி வேலைக்குச் சேர்த்துவிட்டது தானே என்று சொன்னார். வழக்கு வந்தால் தன்னைத்தான் பிடிப்பார்கள், இன்னும் இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் 18 என்றே எழுதி அனுப்பினேன். உள்பக்கத்தில் ஏழு வரி வந்தது.

இதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். இதழியல் மாணவர்களிடம் சொல்லும்போது யூரிக் எரித்த காகிதத்தையும் சேர்த்துச் சொல்வேன். ஒரு மாணவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

தகப்பனார் என்னிடம் வந்தது வியாழக்கிழமை காலை. அதற்கு முந்தின நாள் மாலை, பட்டறையின் கணக்குப்பிள்ளை என் வீட்டுக்கு வந்திருந்தார். மிரட்டவெல்லாம் இல்லை. காப்பி குடித்தார், சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்று சிரித்தார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, தம்பி எந்தப் பள்ளியில் படிக்கிறான் என்று கேட்டார். நான் பள்ளியின் பெயரைச் சொன்னேன். எந்த வகுப்பு என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

இந்தப் புதன்கிழமையை மேடைகளில் நான் சொன்னதில்லை. அந்த மனிதர் வியாழன் காலை என் கையைப் பிடித்து அழாமல் இருந்திருந்தால் 13 என்று எழுதியிருப்பேனா? நோட்டைத் திறந்து அந்த ஏழு வரியை நாலைந்து முறை படித்துப் பார்த்தேன். பசை காய்ந்து, ஓரம் பழுப்பேறியிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை, ஆர். அந்தத் தகப்பனாரின் கண்ணீர் எனக்கு எவ்வளவு வசதியாக வந்து சேர்ந்தது என்பது மட்டும் தெரிகிறது.

உங்களை மேலே கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன். அதில் பாதி உங்களுக்கானது அல்ல.

மகளுக்கு அந்த 1986ஆம் ஆண்டுத் தொகுதியைக் கொடுக்காதீர்கள். ஒரு பெண் போதை மருந்துக்காக மர்டாக்கின் ரகசியத்தை விற்பதில்தான் கதையே தொடங்குகிறது, பத்து வயதுக்கு அது வேண்டாம். 164ஆம் இதழை முதலில் நீங்கள் மறுபடி வாசித்துவிட்டு, பக்கத்தில் உட்காரவைத்து அவளுக்கும் காட்டுங்கள். எதற்காக எரிக்கிறார் என்று அவள் நிச்சயம் கேட்பாள். என்ன பதில் சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.