தொடுதிரை வடிவமைப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் செயலியில் ‘திருத்து’, ‘நீக்கு’ ஐகான்கள் அருகருகே உள்ளன. திருத்தப் போய் நீக்கிவிட்டதாகப் பலர் புகார் சொல்கிறார்கள். ஐகானைப் பெரிதாக்கினால் திரை அடைசலாகிறது. வேறு வழி உண்டா?

பதில்: ஐகான் அப்படியே இருக்கட்டும், அதைச் சுற்றியுள்ள தொடுபரப்பை, அதாவது விரல் பட்டால் வேலை செய்யும் பகுதியை, கூட்டுங்கள். ஆண்ட்ராய்டில் 24 டிபி (dp, திரையில் அளக்கும் அலகு) ஐகானுக்கு நான்கு பக்கமும் 12 டிபி சேர்த்தால் 48 டிபி வரும். 160 டிபி ஓர் அங்குலம் என்பதால், இது சுமார் 7.6 மி.மீ. ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் குறைந்தபட்ச அளவு 44 பாயின்ட் (அங்கே பயன்படும் அலகு).

பலர் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். ஐகான்களைத் தள்ளி வைக்காமல் பரப்பை மட்டும் கூட்டுகிறார்கள். இரண்டு பரப்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மேலே இருப்பது தொடுதலைப் பறித்துக்கொள்கிறது; ‘திருத்து’வின் ஓரத்தைத் தொட்டாலும் ‘நீக்கு’ வேலை செய்யும். இடையில் 8 டிபி விடுங்கள். அதாவது ஐகான்களின் மையங்களுக்கு நடுவே 56 டிபி. ‘நீக்கு’வை மெனுவுக்குள் கொண்டுபோவது இன்னும் நல்லது.

தொடும் இடத்தை விரலே மறைத்துவிடுகிறது என்பதையும் மறக்காதீர்கள். விரலை வைத்ததும் செயல் நடக்கக் கூடாது, எடுக்கும்போதுதான் நடக்க வேண்டும். தவறான பட்டன் என்று உணர்ந்தவர் விரலை எடுக்காமலே வெளியே நகர்த்தினால், அது ரத்தாக வேண்டும். ‘நிச்சயமாகவா?’ என்று கேட்கும் பெட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழகிய கை படிக்காமலே ‘ஆம்’ அழுத்திவிடும். நீக்கிய பின் சில நொடிகள் ‘மீட்டெடு’ பட்டனைக் காட்டுங்கள்.

கேள்வி: பட்டியலில் ஒவ்வொன்றையும் காட்டும் அட்டையை (கார்டு) இடப்பக்கம் ஸ்வைப் செய்தால், சில போன்களில் முந்தைய திரைக்குப் போய்விடுகிறதே?

பதில்: 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், சைகை வழிசெலுத்தலை (பட்டன்களுக்குப் பதில் விரலை இழுத்துப் போனை இயக்கும் முறையை) இயக்கியிருந்தால், திரையின் இரு ஓரங்களிலிருந்தும் உள்நோக்கி இழுப்பது ‘பின்செல்’ சைகை. உங்கள் அட்டை ஓரத்தை ஒட்டி இருப்பதால் சிஸ்டம் முந்திக்கொள்கிறது. ஓரத்தில் இந்தச் சைகை வேலை செய்யாதபடி சிஸ்டத்திடம் விலக்குக் கேட்கலாம்; ஆனால் ஒரு பக்கத்துக்கு 200 டிபி உயரம் வரைதான் கிடைக்கும். ஓரத்தைத் தவிர்ப்பதே உத்தமம்.

மேலும், விரல் சுமார் 8 டிபி நகரும் வரை எந்த முடிவும் எடுக்காதீர்கள். பிறகு கிடைமட்டமா செங்குத்தா என்று பார்த்துத் திசையைப் பூட்டிவிடுங்கள். இல்லையேல் பட்டியலை உருட்டும்போது அட்டையும் சேர்ந்து ஆடும்.

ஸ்வைப் கண்ணுக்குத் தெரியாத வழி. கை நடுங்குபவர்களுக்கு அது கடினமும்கூட. அதே வேலைக்கு அட்டையிலேயே ஒரு பட்டனும் கட்டாயம் வையுங்கள்.