புழுவெட்டு: முடியைத் தின்றது எந்தப் புழுவும் இல்லை

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. போன வாரம் தலை பின்னும்போது, காதுக்கு மேலே நாணய அளவுக்கு முடியே இல்லாமல் வழவழவென்று இருந்ததைப் பார்த்துப் பதறிவிட்டேன். புழுவெட்டு என்கிறார்கள். தங்கைக்கும் ஒட்டிக்கொள்ளுமா? மொட்டையடித்தால் சரியாகுமா? முடி திரும்ப முளைக்குமா?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் புழுவெட்டாகத்தான் தெரிகிறது. பெயரில்தான் புழு இருக்கிறது, தலையில் இல்லை. பூச்சி எதுவும் வெட்டவில்லை. கிருமிகளை விரட்ட வேண்டிய நம் நோய் எதிர்ப்பு அணுக்கள், ஆள் தெரியாமல் முடியின் வேரைத் தாக்குகின்றன. வேரைச் சுற்றி அவை மொய்த்ததும் முடி வளர்ச்சி நின்று, கொட்டிவிடுகிறது. இது தொற்று இல்லை, தங்கைக்கு ஒட்டாது. நீங்கள் எண்ணெய் வைக்காததாலோ, ஷாம்பூவாலோ வந்ததும் இல்லை.

முடி முளைக்குமா என்றுதான் எல்லாத் தாய்மார்களும் முதலில் கேட்பார்கள். முளைக்க வாய்ப்பு அதிகம். இந்த நோயில் வேர் சாவதில்லை, உறங்குகிறது. ஒன்றிரண்டு சிறு திட்டுகள் மட்டும் இருப்பவர்களில் பலருக்கு, ஒரு வருடத்துக்குள் தானாகவே முடி வந்துவிடும். ஆனால் மறுபடி வேறு இடத்தில் கொட்டலாம். அதையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. தலை முழுவதும், புருவம், இமை என்று பரவுவது சிலருக்குத்தான்.

நல்ல வெளிச்சத்தில் திட்டின் ஓரத்தைப் பாருங்கள். குட்டையாக உடைந்த முடிகள் சில நிற்கும்; நுனி தடித்து, அடி மெலிந்து, ஆச்சரியக்குறி போல இருக்கும். நோய் இன்னும் வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளம். நகங்களையும் பாருங்கள். ஊசியால் குத்தியது போலப் பொடிப்பொடிக் குழிகள் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். திட்டில் செதில், அரிப்பு, சீழ் இருந்தால் கதை வேறு. அது தலையில் வரும் படர்தாமரையாக இருக்கலாம். அது ஒட்டும்; பூச்சு மருந்து மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். இதைப் பிரித்தறியத்தான் தோல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டச் சொல்கிறேன். தைராய்டு கோளாறு புழுவெட்டு உள்ளவர்களுக்குச் சற்றுக் கூடுதலாக வருவதால், தேவையென்றால் அதற்கும் ரத்தப் பரிசோதனை எழுதுவார்.

சிறுமிக்கு முதலில் ஸ்டீராய்டு பூச்சு மருந்து கொடுத்துப் பார்ப்பதுதான் வழக்கம். கடையில் நீங்களாக வாங்கித் தடவாதீர்கள்; வீரியமும் நாட்களும் தவறினால் தோல் மெலிந்துவிடும். பெரியவர்களுக்குத் திட்டுக்குள்ளேயே 4 முதல் 6 வாரங்களுக்கு ஒருமுறை ஸ்டீராய்டு ஊசி போடுவோம். வலிக்கும் என்பதால் குழந்தைகளிடம் அவசரப்படுவதில்லை. எதுவும் செய்யாமல் சில மாதம் கவனித்துக் காத்திருப்பதும் முறையான வழிதான். பெருமளவில் கொட்டியவர்களுக்கு 2022-இல் பாரிசிடினிப், 2023-இல் 12 வயது நிரம்பியவர்களுக்கு ரிட்லெசிடினிப் என்ற மாத்திரைகளுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒரு நாணய அளவுத் திட்டுக்கு அவை தேவையில்லை.

மொட்டை வேண்டாம். கோளாறு தோலுக்கு அடியில். கத்தி போவது மேலே. கொப்புளம் வரும்வரை காரமான சாறுகளைத் தேய்ப்பதையும் தயவுசெய்து செய்யாதீர்கள். வெந்துபோய் வந்த குழந்தைகளின் தலையைப் பார்த்திருக்கிறேன். புண் ஆழமாகித் தழும்பானால், உறங்கிக்கொண்டிருந்த வேர் நிஜமாகவே செத்துவிடும்.

மகளிடம் மறைக்காதீர்கள். "உன் உடம்பு முடியைத் தப்பாகப் புரிந்துகொண்டது, நீ எதுவும் தப்பு செய்யவில்லை" என்று சொல்லுங்கள். பள்ளியில் யாராவது கேட்டால் சொல்ல அவளிடம் ஒரு பதில் இருக்கும். வகிடை மாற்றி எடுத்தால் காதுக்கு மேல் உள்ள திட்டு மறைந்துவிடும். இறுக்கிப் பின்ன வேண்டாம்.

சில மாதங்களில் அந்த இடத்தில் வெள்ளையாகப் பூனைமுடி தெரியலாம். நரை என்று பயந்து பிடுங்கிவிடாதீர்கள். திரும்பி வரும் முடி பெரும்பாலும் அப்படித்தான் வரும், நிறம் பிறகு ஏறும்.