காரின் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிகிறது. வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

பெரும்பாலும் முடியும். விளக்கு நிலையாக எரிகிறதா, மினுங்குகிறதா என்று நீங்கள் குறிப்பிடாததால், மஞ்சள் நிறத்தில் நிலையாக எரிகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். மினுங்கினால் சிலிண்டரில் எரியாத பெற்றோல் வெளியேறி, புகையைச் சுத்திகரிக்கும் கட்டலிட்டிக் கன்வேட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும் என்பதால், ஓட்டத்தை உடனே நிறுத்த வேண்டும். எண்ணெய் விளக்கோ வெப்ப விளக்கோ சிவப்பாக எரிந்தாலும் அப்படியே.

சென்ற ஆண்டு அம்மாவைக் கண்டியில் வைத்தியரிடம் காட்டிவிட்டுத் திருகோணமலைக்குத் திரும்பியபோது, ஹபரணையைத் தாண்டிக் கந்தளாயை நெருங்கும் இடத்தில் எங்கள் காரில் அந்த விளக்கு எரிந்தது. ஓட்டத்தில் வித்தியாசம் தெரியவில்லை. எஞ்சினை அணைக்காமல் காரை நிறுத்தி வைக்கும்போது மட்டும் அது இலேசாக நடுங்கியது. மறுநாள் ஒரு கராஜில் பொனற்றைக்கூடத் திறந்து பார்க்காமல், புகையிலுள்ள ஒட்சிசனை அளக்கும் ஒட்சிசன் சென்சரை மாற்ற வேண்டும், 35,000 ரூபாய் ஆகும் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. தெரிந்த ஒருவர் சொன்னபடி பற்றரியின் மறைமுனையைக் கழற்றிச் சிறிது நேரம் விட்டு மாட்டினேன். விளக்கு அணைந்தது, மூன்றாம் நாள் மறுபடியும் எரிந்தது. பழுது இருந்த இடத்திலேயே இருக்க, அதைப் பற்றிக் காரின் கணினியில் இருந்த பதிவை மட்டுமே நான் அழித்திருந்தேன்.

அதன் பின்னரே, ஸ்டியரிங்கின் கீழே உள்ள பதினாறு முனைச் சொக்கற்றில் செருகி, புளூடூத் மூலம் கைத்தொலைபேசியில் பார்க்கக்கூடிய சிறிய ஸ்கானர் ஒன்றை வாங்கினேன். அது காட்டிய பழுதுக் குறியீடு பி0171. எரிபொருளின் அளவோடு பார்க்கும்போது காற்று மிஞ்சியிருக்கிறது என்பது அதன் பொருள். ஒட்சிசன் சென்சர் அந்தச் செய்தியைச் சொல்லும் உறுப்பே தவிர, அதுவே பழுதாகியிருக்க வேண்டும் என்றில்லை. எஞ்சின் சும்மா ஓடும்போது, கணினி கூடுதலாகச் சேர்க்கும் பெற்றோலின் அளவு 24 சதவீதமாக இருந்தது. எஞ்சின் வேகத்தை நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு உயர்த்தியதும் வெகுவாகக் குறைந்தது. எங்கோ றப்பர் குழாயில் காற்றுக் கசிகிறது என்பதற்கு இது நல்ல அறிகுறி. மாறாக, சுற்று ஏற ஏற அளவும் ஏறினால் பெற்றோல் பம்பையோ காற்றளவு சென்சரையோ பார்க்க வேண்டும்.

சவர்க்கார நீரை ஒரு விசிறிப் போத்தலில் எடுத்து, பெல்ற்றிலும் மின்விசிறியிலும் கை படாமல் குழாய்களின் மேல் ஒவ்வொன்றாக விசிறினேன். எஞ்சினின் மூச்சுக்குழாய் வளையும் இடத்தில் நீர் பட்டதும் சத்தம் மாறியது. கழற்றிப் பார்த்தபோது, வெப்பத்தில் இறுகிய றப்பர் அடிப்பக்கத்தில் வெடித்திருந்தது. எண்ணெயைத் தாங்கும் குழாயாகக் கேட்டு வாங்கினேன். சில நூறு ரூபாய்தான். சாதாரணத் தண்ணீர்க் குழாயைப் போட்டால் எஞ்சினின் உறிஞ்சலில் அது சப்பளிந்துவிடும். குறியீட்டை அழித்துவிட்டுக் குச்சவெளி வரை ஓட்டிப் பார்த்தேன். 24 ஆக இருந்த அளவு 4 ஆனது. விளக்கு இன்றுவரை எரியவில்லை.

பயிற்சி இல்லாதவர் வாகனத்தைத் தொடலாமா என்று சிலர் கேட்பார்கள். காற்றுப்பை, பிரேக், ஹைபிரிட் வண்டியின் உயர் மின்னழுத்தச் செம்மஞ்சள் வயர்கள் ஆகியவற்றை நானும் தொடுவதில்லை. நேர்மையான மெக்கானிக்குகளையும் நான் குறைசொல்லவில்லை. ஆனால் 2020 முதல் 2025 வரை தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் நம்மில் பலர் பழைய வாகனங்களையே வைத்து ஓட்டுகிறோம். அவற்றில் விரைவில் கெடுபவற்றில் றப்பரும் ஒன்று. விற்பதற்கு முன் குறியீட்டை அழிப்பவர்களையும், விளக்கையே கழற்றிவிடுபவர்களையும் நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. பழைய கார் வாங்கும்போது, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி அந்த விளக்கு எரிகிறதா என்று கட்டாயம் பாருங்கள். எரியாவிட்டால் வாங்க வேண்டாம்.

உங்கள் காரில் எந்தக் குறியீடு வருகிறது என்பதையும், எஞ்சின் சும்மா ஓடும்போது நடுங்குகிறதா என்பதையும் எழுதினால், எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்று சொல்கிறேன்.